லைட்டு எரியுது!

உச்சி வெயிலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுபவரை நம் ஊரில் யாரும் சும்மா விட மாட்டார்கள். எதிரே வருகிறவர் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார். ‘லைட்டு எரியுது, அணைச்சிடு’ என்று அர்த்தம். 1998-ல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஒரு மெடிக்கல் ரெப்புக்கு இந்தச் சைகை தினசரி வாடிக்கை. வெள்ளைச் சட்டை, டை, டேங்க்கின் மேல் கறுப்புப் பை, ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். மாத்தூர் தாண்டுவதற்குள் நாலைந்து பேர், கீரனூர் வருவதற்குள் பத்துப் பதினைந்து பேர் விரலை விரித்துவிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நின்று குரல் கொடுப்பார்கள். எல்லோருக்கும் தலையாட்டி நன்றி சொல்வார். லைட்டை மட்டும் அணைக்க மாட்டார்.

ஒவ்வொரு கை உயரும்போதும் அவருக்குள் ஒரு கணக்கு ஏறும்: இவர் என்னைப் பார்த்துவிட்டார்.

அந்தக் கணக்கு தொடங்கியது அதற்கு ஒரு வருடம் முன்பு, அதே சாலையில்.

மெடிக்கல் ரெப் வேலை என்றால் டாக்டர் அறையில் நின்று மருந்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது என்றுதான் வெளியே தெரியும். அந்த இரண்டு நிமிடத்துக்காகச் சாலையில் கழியும் நேரம் யார் கண்ணிலும் படாது. அவருக்கு ஹெட்குவார்ட்டர்ஸ் திருச்சி. புதுக்கோட்டையும் தஞ்சாவூரும் எக்ஸ் ஸ்டேஷன். காலையில் போய் இரவே திரும்ப வேண்டும். அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை அவுட் ஸ்டேஷன். லாட்ஜில் ஓர் இரவு. டூர் புரோகிராம் மாதத் தொடக்கத்திலேயே மேனேஜர் கைக்குப் போய்விடும். மழையோ வெயிலோ, சொன்ன தேதியில் சொன்ன ஊரில் இருந்தாக வேண்டும். மாலை கிளினிக்கில் கடைசி நோயாளி போன பிறகுதான் டாக்டர்கள் ரெப்புகளைக் கூப்பிடுவார்கள். மணி ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அதற்கு மேல் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத இருட்டுச் சாலை.

1995-ல் வேலையில் சேர்ந்தபோது டாக்டர் முன் எப்படி நிற்பது, மருந்தின் பெயரை எத்தனை முறை சொல்வது, சாம்பிளை எந்தக் கணத்தில் எடுத்து வைப்பது என்பதெல்லாம் அவருக்குப் பயிற்சியில் கற்றுத் தரப்பட்டன. வாழ்நாளில் பாதியை எதன் மேல் உட்கார்ந்து கழிக்கப்போகிறாரோ, அந்த வண்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1997. கீரனூரை நெருங்கும் நேரான சாலை, மதியம் மூன்று மணி. எதிரே ஒரு வேன் வலது இண்டிகேட்டரைப் போட்டு, சாலையின் நடுவில் நின்றிருந்தது. அவர் பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குள் திரும்பக் காத்திருக்கிறது. டிரைவர் முகம் நேராக அவரைப் பார்த்தபடி இருந்தது. கண்ணும் கண்ணும் சந்தித்ததாகவே அவருக்குத் தோன்றியது. ‘பார்த்துட்டார், நிப்பார்’ என்று ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமல் போனார். வேன் திரும்பியது.

பின் பிரேக்கை மிதித்தது மட்டும் நினைவிருக்கிறது. பின்சக்கரம் இறுகிச் சறுக்க, வண்டி படுத்துக்கொண்டே போய் வேனின் பக்கவாட்டில் முட்டியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. இடது காறை எலும்பு முறிந்தது. டிரைவர் ஓடி வந்து தூக்கினார். கை நடுங்க, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “தம்பி, சத்தியமா நீ வந்தத நான் பாக்கலப்பா.”

அந்த வார்த்தைதான் காயத்தைவிட அதிகமாக வலித்தது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே திருப்பிவிட்டு, சத்தியம் வேறு செய்கிறார் என்று நாள்கணக்கில் குமைந்தார்.

கோபத்தைத் தணித்தவர் எலும்பைச் சேர்த்து வைத்த டாக்டர். கால்சியம் மாத்திரை பற்றிப் பேச மாதம் ஒருமுறை அவர் முன்னால் நின்ற ரெப், இப்போது தோளில் கட்டுடன் எதிரே உட்கார்ந்திருந்தார். மலேசியாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த அந்த டாக்டர், வேன் டிரைவர் சொன்னதைக் கேட்டதும், “அவர் பொய் சொல்லலியே” என்றார். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். “அந்த நகம் இருக்கு பாருங்க, அவ்வளவு அகலத்தைத்தான் கண்ணு கூர்மையா பாக்கும். மத்ததெல்லாம் மங்கல். கண்ணு அங்கங்க தாவித் தாவிப் பாக்குது. தாவுற நேரத்துல மூளை ஒண்ணையும் பதிய வைக்காது. நடுவுல விட்டுப்போனதை அதுவே இட்டு நிரப்பிக்கும். அவர் பஸ் வருதா, லாரி வருதானு தேடியிருக்கார். நீங்க அந்தத் தேடல்ல இல்ல.”

மலேசியாவில் 1992-லேயே பகலிலும் ஹெட்லைட் போட்டுத்தான் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் டாக்டர் சொன்னார். கண்ணில் படாததால் நேரும் மோதல்கள் அங்கே அதன் பிறகு 29 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் எழுதியதை ரெப் பல வருடம் கழித்துத்தான் படித்தார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது டாக்டரின் ஒரு சொல்தான். தோள் கட்டு பிரித்த வாரமே ஹெட்லைட் சுவிட்சைத் தட்டினார். அதை அணைக்கவே இல்லை.

மெக்கானிக் கடையில் எல்லோரும் கேட்ட கேள்வி, “பேட்டரி இறங்கிடாதா சார்?” கடைக்காரரே பதில் சொன்னார்: அந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் இன்ஜின் சுற்றும்போது காயிலிலிருந்து நேராகப் போகிறது, பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் மங்கி, ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் பளீரென்று ஏறுகிறது. கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது தன் வெளிச்சம் கிட்டத்தட்ட அணைந்த மாதிரிதான் இருக்கும் என்று அவருக்கு அன்று புரிந்தது. அங்கே லைட்டை நம்பக் கூடாது, ஹார்ன்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு சடங்கு. வண்டியின் பின்பக்கம் வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவார். பிரேக்கை அழுத்தி, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று திரும்பிப் பார்ப்பார். பின்லைட் பல்பு போய்விட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் தாமதமாக. பையில் சாம்பிள் அட்டைகளுக்கு அடியில் இரண்டு பல்புகள் எப்போதும் இருக்கும். வேகம் குறைக்கப் போகிறார் என்றால், உண்மையில் பிரேக் பிடிப்பதற்கு முன் லிவரை லேசாக இரண்டு முறை தொட்டு விடுவார். பின்னால் வருகிறவர் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு சிமிட்டல் கண்ணைத் தொடும்.

முன் பிரேக்கைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். ‘முன்னாடி பிடிச்சா கவுத்துடும்’ என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நம்பி, அதைத் தொடாமலே ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு காலி மைதானத்தில் செங்கல் வைத்துப் பழகினார். முன் லிவரை இறுக்கிப் பிடுங்காமல், பழத்தைப் பிழிவதுபோல மெல்ல அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்து. மூன்று மாதத்தில் அவர் நிற்கும் இடத்துக்கும் செங்கலுக்கும் நடுவே இரண்டு வண்டி நிற்க இடம் கிடைத்தது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் இணைந்து பிடிக்கும் சி.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. அவர் காலத்தில் அது விரல்களில்தான் இருந்தது.

சாலை மெல்ல மெல்லத் தன் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. எதிரே முந்துவதற்குத் தலையை நீட்டும் கார்காரருக்கு பஸ் மட்டும்தான் தெரியும். பஸ் கடந்ததும் சாலை காலி என்று ஏறி வருவார். பஸ்ஸிலிருந்து விலகி, எதிரே வருகிறவர் கண்ணில் படும் கோட்டில் போக வேண்டும். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியவில்லை. நம் ஊர் லாரியில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கம், அதாவது கிளீனர் பக்கம், அவருக்கு ஒரு பெரிய இருட்டறை. பைக்காரர்கள் சந்து கிடைக்கிறதென்று நுழைவதும் அந்த இடப்பக்கத்தில்தான். லாரி இடது பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே இழுத்து நடைபாதையை ஒட்டிக்கொண்டு வரும். தஞ்சாவூரில் ஒரு திருப்பத்தில் அப்படி ஒரு சைக்கிள் நசுங்கியதைப் பார்த்தார். ஓட்டியவர் குதித்துவிட்டார். அன்றிலிருந்து நிற்கும் லாரியின் இடப்பக்கம் அவர் போனதில்லை. பின்னால் நின்று காத்திருப்பார், எத்தனை ஹார்ன் அடித்தாலும்.

முன்னால் போகும் லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தால் அதற்கு நம் சாலைகளில் மூன்று அர்த்தம் உண்டு. வலது பக்கம் திரும்பப் போகிறார். எதிரே வண்டி வருகிறது, முந்தாதே என்கிறார். அல்லது பத்து கிலோமீட்டருக்கு முன்னால் போட்டதை அணைக்க மறந்துவிட்டார். மூன்றில் எது என்று தெரியும்வரை முந்தக் கூடாது. எதிரே வருபவர் ஹெட்லைட்டைச் சிமிட்டினால் ‘நீ போ’ என்று அர்த்தமில்லை. ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று அர்த்தம்.

கண்ணைப் பார்த்து நம்பிய பிழையை அவர் மறுபடி செய்யவில்லை. எதிரே திரும்பக் காத்திருக்கும் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்க்கத் தொடங்கினார். வண்டி நகர்கிறதா இல்லையா என்பதை அதன் உடம்பு தாமதமாகத்தான் காட்டும். சக்கரத்தின் ஆரமும் நட்டும் சுழலத் தொடங்குவது முதல் கணத்திலேயே தெரியும். அந்தக் கணம் தெரிந்தால் போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 14 மீட்டர் போய்விடுகிறோம்.

இரவுக்கு வேறு பாடம். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை போகும் சாலையில் கரும்பு அரவைக் காலத்தில் டிராக்டர் டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். கரும்புத் தோகை பின்னால் தொங்கி, சிவப்பு விளக்கை மூடிவிடும். எதிரே ஒரு லாரியின் பிரைட் லைட் அடிக்கும்போது, அந்தக் கரும்பு மலை கண் முன்னால் இல்லாமலே போய்விடும். எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் அதைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைப் பாதியாக்கிக் கொண்டார். கண் மறுபடி இருட்டுக்குப் பழக ஒரு சில நொடி ஆகும். அந்த நொடிகளில் அவர் ஓட்டுவது முன்னால் பார்த்து வைத்த சாலையை. இப்போதைய சாலையை அல்ல. தை மாதம் என்றால் டெல்டாவில் சாலையிலேயே நெல் காயும். இரவில் அதன் மேல் தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் கருங்கல் வைத்திருப்பார்கள்.

எதிரே வரும் ஒற்றை விளக்கு, இரவில் அவருக்குப் பெரிய பயம். பைக் வருகிறது என்று நினைத்துச் சாலையின் நடுவை ஒட்டிப் போனால், அது வலது பக்கப் பல்பு போன லாரியாக இருக்கும். ஒரத்தநாட்டுக்கு அருகே ஓர் இரவு அப்படி ஒரு ஒற்றைக்கண் லாரியின் வலது பக்கம் அவர் தோளை உரசாமல் போனது, காற்று அடித்த வேகத்தில்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபிறகு அது திரும்ப ஓடியது. தன் வண்டிக்கும் ஒற்றை விளக்குதானே? இரண்டு விளக்கு இருந்தால் நடுவில் உள்ள அகலம் விரிவதை வைத்து வண்டி எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று கண் கணக்குப் போடும். ஒற்றை விளக்குக்கு அந்த அகலம் இல்லை. எதிரே வருபவர்களுக்கும் தன்னைப் பற்றி அதே குழப்பம்தான்.

மறுநாளே ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போனார். முன் ஃபோர்க் இரண்டிலும், பின் மட்கார்டிலும், ஹெல்மெட்டின் பின்னாலும், இரண்டு சக்கரத்தின் விளிம்பிலும் ஒட்டினார். ஹெட்லைட் முன்னால் இருப்பவருக்குத்தான் தெரியும். குறுக்குச் சாலையிலிருந்து வருபவருக்குத் தெரிவது வண்டியின் பக்கவாட்டு. சக்கர விளிம்பில் ஒட்டிய ரேடியம் இருட்டில் சுற்றும் வளையமாகத் தெரிகிறது. பகலில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு ஜாக்கெட் இரவில் வெறும் துணி. இரவுக்கு ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டைதான் வேண்டும். இந்த வித்தியாசத்தை அவர் கடைக்காரரிடமிருந்து கற்றுக்கொண்டார். கறுப்பு ரெயின்கோட்டைத் தூக்கி வைத்துவிட்டு மஞ்சள் ஒன்று வாங்கினார்.

இத்தனைக்கும் பிறகு, 2012-ல், அவர் மறுபக்கத்துக்குப் போனார். கார் வாங்கினார்.

வாங்கிய மாதம், திருச்சியில், ஒரு பக்கத்துத் தெருவிலிருந்து பெரிய சாலையில் ஏறிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் சீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் மகன். வலப்பக்கம் பார்த்தார், காலி. இடப்பக்கம் பார்த்தார். மறுபடி வலப்பக்கம். காலி. கிளட்சை விட்டார்.

“அப்பா! பைக்!”

பிரேக் மிதித்த வேகத்தில் பையன் நெற்றி முன்னால் போய் வந்தது. பானெட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பைக் வளைந்து போனது. ஓட்டிய இளைஞன் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை. அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். கீரனூரில் தரையில் கிடந்து தான் பார்த்த அதே பார்வை. அவர் வாய் தானாகச் சொன்னது: “சத்தியமா பாக்கலடா.”

பதினைந்து வருடத்துக்கு முன்னால் காதில் விழுந்த வார்த்தை, இப்போது தன் வாயிலிருந்து. அன்று இரவு அவர் தூங்கவில்லை. இருபதாண்டு நெருங்க பைக்கில் போனவர், ஒவ்வொரு கார்காரரின் கவனத்தையும் எடை போட்டவர், இரண்டு முறை பார்த்தும் பைக்கைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்தார். மகனை ஸ்பிளெண்டரோடு தெருமுனைக்கு அனுப்பினார். “அங்கேர்ந்து மெதுவா தள்ளிட்டு வா. நான் கை தூக்குனா நில்லு.” முன் கண்ணாடியின் வலது ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அது டிரைவர் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு சாண் அகலம்கூட இல்லை. ஆனால் இருபது மீட்டர் தள்ளி மகனும் பைக்கும் சேர்ந்து அதற்குள் மறைந்துபோனார்கள். கையைத் தூக்கினார். மகன் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பத்து மீட்டரில் இன்னொரு கோடு. கண்ணாடியில் தெரியாத பின்பக்கம் ஒரு கோடு. ஒரு மணி நேரத்தில் காரைச் சுற்றித் தெருவெல்லாம் வெள்ளைக் கோடுகள். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

காரும் நகர்ந்து பைக்கும் நகர்ந்தால் இன்னும் மோசம் என்பதை அன்று கண்டுகொண்டார். இரண்டும் ஒரே சந்திப்பை நோக்கி ஒத்த கணக்கில் வந்தால், பைக் தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு வரும். நேராக வரும் பைக் கண்ணுக்கு நகர்வதாகவே தோன்றாது; ஒரே இடத்தில் சின்னப் புள்ளியாக இருந்து, கடைசியில் திடீரென்று பெரிதாகும். ஒரு காரின் அகலத்தில் பைக் பாதிகூட இல்லை. சிறியது தூரத்தில் இருப்பதாகவே கண் கணக்குப் போடும். கார் ஓட்டும்போது இன்றும் அவர் சந்திப்புகளில் தலையை முன்னும் பின்னும் ஆட்டித் தூணைச் சுற்றிப் பார்க்கிறார். பைக்கில் போகும்போது, எதிரே திரும்பக் காத்திருக்கும் கார் இருந்தால், தன் லேனுக்குள்ளேயே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல நகர்ந்து காட்டுகிறார். பக்கவாட்டில் அசைவதைக் கண் விடாது.

மகன் இன்ஜினீயரிங் சேர்ந்த பிறகு, கல்லூரியில் இருந்து ஒரு கட்டு காகிதம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தான். முதலாவது, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் 1981-ல் வெளியான அறிக்கை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்திருந்தார்கள். இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய மற்ற வண்டிதான் வழியை மறித்தது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வும் மற்ற வண்டி டிரைவரின் பிழைகளில் பத்தில் ஏழுக்கு மேல் பைக்கைக் கவனிக்கத் தவறியதுதான் என்றது. கீரனூரின் வேன் டிரைவர் அவர்களில் ஒருவர். 2012-ன் கார்காரரும்.

மூன்றாவது காகிதத்தைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், 2004. டாக்டர்கள் மேஜையில் ஆயிரம் முறை பார்த்த பத்திரிகை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த கேஸ்–கன்ட்ரோல் ஆய்வு. மருந்துக்குச் செய்வது போலவே விபத்தில் சிக்கியவர்களையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் அல்லது பளிச்சென்ற உடை அணிந்தவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதம். கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம். சட்டையின் முன்பக்க நிறத்துக்கும் வண்டியின் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் காணவில்லை. வெள்ளைச் சட்டை தன்னைக் காக்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவர், மறுநாள் போய் வெள்ளை ஹெல்மெட் வாங்கினார். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கினார். 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, மனைவிக்கும் வெள்ளையே வாங்கினார்.

இப்போது அவர் ஏரியா மேனேஜர். அவருக்குக் கீழே ஐந்து பையன்கள். எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையை அவர் ஒரு சேல்ஸ் மீட்டிங்கில் படித்துக் காட்டினார். அந்த ஆண்டு நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. டார்கெட் பேசும் கூட்டத்தில் அந்த எண்களுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எண்ணை வைத்து யாரும் ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஜாயின்ட் ஒர்க் போகும் நாளில் காரை வீட்டில் விட்டுவிட்டுப் பையனின் பைக்கில் பின்னால் உட்காருகிறார். மேனேஜர் டாக்டர் அறையில் ரெப் பேசுவதைக் கவனிப்பது வழக்கம். இவர் அதற்கு முன்பே, சாலையிலேயே கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். புறப்படும்போது ஒரே ஒரு நிபந்தனை: எதிரே, பக்கத்தில், குறுக்கே, எந்த வண்டி நம்மைத் தொடக்கூடிய இடத்தில் வந்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பார்த்தார் அல்லது பார்க்கல.

முதல் அரை மணி நேரம் பையன்கள் கூச்சப்படுவார்கள். பிறகு வாய் பழகிவிடும். “ஷேர் ஆட்டோ, பாக்கல சார்.” “ஏன்?” “அந்தாளு ஆள் ஏத்துறதுக்கு இடது பக்கமே பாக்குறாரு.” “வெள்ளை கார்?” “பாத்தாரு சார்.” “எப்படிச் சொல்ற?” “நம்மளப் பாத்து வேகத்தக் குறைச்சாரு.” “சரி. மினி பஸ்?” ... “தெரியல சார்.” “தெரியலன்னா?” “பாக்கல.” தோளை ஒரு தட்டு தட்டுவார், பையனின் இரண்டு விரல் பிரேக் லிவருக்குப் போகும்.

ஆறு மணி நேரம் இப்படிப் போன ஒரு பையன் சொன்னதை அவர் இன்றும் சொல்கிறார்: “சார், பாத்தவங்கள விடப் பாக்காதவங்கதான் ஜாஸ்தி.”

2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்பனையாகும் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஹெட்லைட் சுவிட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் லைட்டும் எரியும். தன் பையன்கள் யாரும் ஒரு டாக்டரின் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. முதல் ஓரிரு வருடம் வழியில் போனவர்கள் புது வண்டிக்காரர்களுக்கும் விரலை விரித்துக் காட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. எல்லா பைக்கிலும் விளக்கு எரிகிறது, பல கார்களிலும் பகல் விளக்கு வந்துவிட்டது. விளக்குக் கூட்டத்தில் ஒரு விளக்கைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை. கை உயரும்போது ஏறிய அந்தப் பழைய கணக்கு, எண்ணுவதற்கு ஆளில்லாமல் நின்றுபோனது. அதனால்தான் அந்தக் கணக்கைப் பையன்கள் வாயால் போடச் சொல்கிறார்.

போன மாசி மாதம் ஒரு சாயங்காலம், புதுக்கோட்டையில் பகல் கிளினிக்குகளை முடித்துக்கொண்டு புதிதாகச் சேர்ந்த பையனின் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. கீரனூர் தாண்டியதும் எதிரே ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் ஒரு பெரியவர்; முன்னால் புல்லுக்கட்டு. அவர் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினார்.

பையனுக்குப் புரியவில்லை. “என்ன சார் சொல்றாரு?”

“லைட்டு எரியுதாம்.”

“ஆஃப் பண்ண சுவிட்சே இல்லையே சார்.”

பின்னாலிருந்து அவர் கையைத் தூக்கிப் பெரியவருக்கு வணக்கம் வைத்தார். “பாத்துட்டாரு, சொல்லு.”

“பாத்தாரு சார்.”

பெரியவருக்குப் பின்னால் ஒரு டாடா ஏஸ், வலது இண்டிகேட்டர் எரிய, சாலையின் நடுவில் நின்றிருந்தது. அதன் முன்சக்கரம் இன்னும் அசையவில்லை. பையன் ஆக்ஸிலேட்டரை விட்டான். இரண்டு விரல் லிவரின் மேல் வந்து உட்கார்ந்தது.

“பாக்கல சார்” என்றான்.